ஒரே ஒழுங்கையில் இரண்டு வீடுகள்

சொந்த வீடொன்றுக்காக ஆண்டுக்கணக்காகச் சேமித்த குடும்பத்திற்குப் பொருத்தமான வீடு கிடைக்காமற் போவது ஒரு துன்பம். பொருத்தமான வீடுகள் இரண்டு ஒரே வேளையிற் கிடைத்துவிடுவது வேறொரு துன்பம். யாழ்ப்பாண நகரை அண்டிய ஓர் ஒழுங்கையில் அவ்வாறு இரு வீடுகள் விலைக்கு வந்துள்ளன என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் இரண்டிரண்டு பரப்பு வளவு. இரண்டிலும் மூன்று அறைகள், விறாந்தை, கிணறு. ஆலய மணி இரண்டுக்கும் ஒரே அளவிற் கேட்கும். தந்தையின் மனம் ஒன்றிலும் தாயின் மனம் மற்றதிலும் நிற்க, பிள்ளைகளோ மாமரம் நிற்கும் வளவுதான் வேண்டும் என்கின்றனர். மாலைச் செபம் முடிந்ததும் அதே பேச்சு. இராச் சாப்பாட்டிலும் அதே பேச்சு.

இத்தகைய தடுமாற்றத்திற்கு உதவும் பழைய வழிகாட்டியொன்று திருச்சபையில் உண்டு. புனித லொயோலா இஞ்ஞாசியார் எழுதி, 1548 ஆம் ஆண்டில் திருத்தந்தை மூன்றாம் பவுல் அங்கீகரித்த 'ஆன்மீகப் பயிற்சிகள்' என்னும் நூலில், தெரிவு செய்தலைப் பற்றிய பகுதியொன்று இடம்பெறுகின்றது. குருத்துவமா, திருமணமா என்பது போன்ற பெருந்தெரிவுகளை மனத்திற் கொண்டே அவர் அதனை எழுதினாராயினும், அதில் உள்ள ஒழுங்கு வீடு வாங்குவோருக்கும் நன்கு பொருந்தும். அவர் முதலில் இடும் நிபந்தனை இது: தெரிவுக்கு எடுத்துக்கொள்ளும் பொருள்கள் யாவும் தம்மளவில் நல்லனவாகவோ, குறைந்தபட்சம் தீமையற்றனவாகவோ இருத்தல் வேண்டும். தீயதொன்றைத் தராசின் ஒரு தட்டில் வைத்துவிட்டு எது கனதியானது எனப் பார்ப்பது தெரிவாகாது. ஆகவே, எந்த வீடு அழகு என்று கேட்பதற்கு முன்னர், இரு வீடுகளும் குற்றமற்ற முறையில் நம் கைக்கு வரக்கூடியனவா என்று கேட்க வேண்டியுள்ளது. அதற்கான விடையை உறுதிகளிலேயே தேட வேண்டும்.

இரு வீடுகளுள் ஒன்றின் விலை மற்றதனிலும் 10 இலட்சம் ரூபா குறைவு என்க. தோற்றத்தில் வேறுபாடில்லாத இடத்தில் விலையில் வேறுபாடு இருக்குமாயின், அதற்கொரு காரணம் எங்கேனும் இருக்கும். உறுதியைச் சட்டத்தரணியிடம் காட்டியதும் அது வெளிப்படுகின்றது. பெற்றோர் தம் பிள்ளைகள் இருவருக்கும் பொதுவில் விட்டுச் சென்ற ஆதனம் அது. அண்ணன் அங்கே குடியிருக்கின்றார். தங்கை 1990 களில் இடம்பெயர்ந்து கடல் கடந்து போய்விட்டார். அவருடைய கையொப்பம் எங்குமே இல்லை. "அவ இனி வரமாட்டா. முப்பது வருசமா அண்ணன்தானே ஆளுறார். ஆட்சி உறுதி முடிச்சுத் தருவம்" என்கின்றார் தரகர்.

நமது ஊர்களில் இன்று அடிக்கடி கேட்கும் வார்த்தை இது. 1871 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்க ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டம், உரித்தாளருக்கு எதிராக 10 ஆண்டுகள் இடையறாது ஆண்டவருக்கு உரிமை வழங்குவது உண்மையே. ஆயினும், உடன்பங்காளர் ஒருவரது ஆட்சி மற்றப் பங்காளர் சார்பிலான ஆட்சியாகவே கொள்ளப்படும் என்று 1911 ஆம் ஆண்டிலேயே பிரிவிக் கவுன்சில் இலங்கை வழக்கொன்றில் தீர்ப்பளித்துள்ளது. தங்கை வெளியே இருந்தார், அண்ணன் உள்ளே இருந்தார் என்பது மாத்திரம் தங்கையின் பங்கை அழித்துவிடாது. போரினால் தம் காணிக்கு வர இயலாதிருந்தவர்களுக்காக, 1983 மே முதல் 2009 மே வரையான காலத்தைக் கணக்கிற் சேர்க்காதிருக்கும் சிறப்பு ஏற்பாடு ஒன்றும், குறித்த கால எல்லைக்குள் வழக்கிடுவோர் பொருட்டு, 2016 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டத்தினாற் செய்யப்பட்டது. இவற்றுக்கு மேலாகத் தேசவழமையும் உண்டு. பிரிபடாத பங்கொன்று விற்கப்படும்போது அதனை முதலில் வாங்கும் உரிமை உடன்பங்காளருக்கு உரியது என்பதை 1947 ஆம் ஆண்டின் 59 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் எழுத்தில் வைத்திருக்கின்றது.

சட்டத்தை ஒருபுறம் வைத்துவிட்டும் இதனைப் பார்க்கலாம். அந்த 10 இலட்சம் ரூபா எங்கிருந்து குறைந்தது? தங்கையின் பங்கிலிருந்தே குறைந்தது. அதற்காக அந்த வீட்டை உடனே கைவிட வேண்டும் என்பதில்லை. தங்கையோடு தொடர்புகொண்டு, அவர் அற்றோணித் தத்துவம் அனுப்பி, தமக்குரிய பணத்தையும் பெற்றுக்கொள்வாராயின், வீடு மீண்டும் தராசுக்கு வரலாம். அப்போது விலை குறைவாக இராது என்பது வேறு கதை. அவர் ஒப்பாவிடில், மாமரம் எத்துணை அழகாயிருந்தாலும், அந்த வீடு தெரிவிலிருந்து நீங்கிவிடுகின்றது.

இறைவாக்கினர் எரேமியா காணி வாங்கிய வரலாற்றை (எரேமியா 32) இவ்விடத்தில் வாசித்துப் பார்ப்பது பயனுள்ளது. பாபிலோனியப் படை எருசலேமை முற்றுகையிட்டிருந்த வேளை. அவரோ காவல்கூட முற்றத்தில் அடைபட்டிருந்தார். சிற்றப்பன் மகன் அனமேல் வந்து, அனத்தோத்தில் உள்ள நிலத்தை மீட்கும் முறை உமக்கே உரியது, நீரே வாங்கிக்கொள்ளும் என்றான். உறவினரின் முன்னுரிமை அங்கும் இருந்திருக்கின்றது! எரேமியா 17 செக்கேல் வெள்ளியை நிறுத்துக் கொடுத்தார், உறுதியிற் கையொப்பமிட்டார், சாட்சிகளை ஒப்பமிடச் செய்தார், முத்திரையிட்ட படி, முத்திரையிடாத படி இரண்டையும் பாரூக்கிடம் கொடுத்து, நெடுநாள் அழியாதிருக்கும்படி மட்கலத்தில் வைக்கச் சொன்னார். நகரமே வீழவிருந்த நேரத்திலும் அவர் ஒரு சாட்சியைத்தானும் தவிர்க்கவில்லை. போரும் இடப்பெயர்வும் கண்ட நமக்கு, உறுதிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடிய நமது முதியோரை இது நினைவூட்டாதிருக்குமா?

இன்னுமொன்று. உறுதியில் விலையைக் குறைத்து எழுதிக்கொள்வோம் என்று விற்பவரோ தரகரோ கூறலாம். முத்திரைத் தீர்வை முதல் ஓர் இலட்சத்துக்கு 3 வீதமும் மிகுதிக்கு 4 வீதமுமாக அறவிடப்படுவதால், ஒரு கோடி ரூபா வீட்டுக்கு 399,000 ரூபா செலுத்த வேண்டியுள்ளது. தொகை பெரிதுதான். எனினும் அதனையும் சேர்த்தே வீட்டின் விலையைக் கணக்கிட வேண்டும். ஆபிரகாம் மக்பேலா நிலத்தை வாங்கியபோது, எப்ரோன் சும்மாவே தருகிறேன் என்றும் அவர் ஏற்கவில்லை. ஊரார் கேட்க 400 செக்கேல் வெள்ளியை முழுமையாக நிறுத்துக் கொடுத்தார். குகையும், எல்லைக்குள் நின்ற மரங்களுங்கூட அந்த விற்பனையில் எண்ணிச் சொல்லப்பட்டன. நமது உறுதிகளில் வீடு, கிணறு, பனை, தென்னை என்று எழுதுவதைப் போல.

உறுதிகள் இரண்டும் தெளிவாயின், பின்னர் கிணற்றடிக்குப் போகலாம். சுண்ணக்கற்பாறையின் மேல் வாழும் நமக்கு நிலத்தடி நீரே செல்வம். மாரியில் எல்லாக் கிணறும் நல்ல கிணறுதான். ஆவணி, புரட்டாதியில் நீர் எவ்வளவு நிற்கும், உவர்க்குமா என்று அயலவரிடம் கேட்டறிதல் வேண்டும். மலசலகூடக் குழி 50 அடிக்கு அப்பால் உள்ளதா என்று பார்ப்போர், மதிலுக்கு அப்பாலுள்ள அயல்வளவின் குழியைப் பார்க்க மறந்துவிடுகின்றனர். கிணறு பங்குக் கிணறாயின் அப்பங்கும், ஒழுங்கை தனியார் பாதையாயின் வழியுரிமையும் உறுதியில் எழுதப்பட்டிருத்தல் அவசியம்.

இத்தனைக்குப் பின்னரும் இரு வீடுகளும் சமமாகவே நின்றால்? இஞ்ஞாசியார் கூறும் வழிகளுள் ஒன்று, நாம் முன்பின் கண்டிராத ஒருவர் இதே தடுமாற்றத்துடன் நம்மிடம் வந்தால் என்ன சொல்வோம் என எண்ணி, அதனையே நாமும் செய்வது. தந்தையும் தாயும் இதனைத் தனித்தனியே தாளில் எழுதி மாற்றி வாசிக்கலாம். சொல்லாது வைத்திருந்த காரணங்கள் அப்போது வெளிவரும். மூட்டு வலியுள்ள பாட்டிக்கு வாசற்படிகள் உயரம் என்பது தாயின் தாளில் இருக்கலாம். பொழுதுபட்டபின் மகள் ரியூசன் முடிந்து வரும் பாதையில் வெளிச்சம் இல்லை என்பது தந்தையின் தாளில் இருக்கலாம். அப்படியும் தட்டுகள் சமமாயின், இரண்டும் நல்லவையே. எதை எடுத்தாலும் பிழையில்லை. பிள்ளைகளின் மாமரத்துக்கே விட்டுவிடலாம்.

முடிவானதும் மற்ற வீட்டுக்காரரை மறந்துவிடலாகாது. இரு இடத்திலும் வாய்ப்பேச்சுக் கொடுத்து, ஒருவரை மாதக்கணக்கிற் காத்திருக்கச் செய்வோர் உண்டு. அவர் மகளின் கலியாணத்துக்காகவோ மருத்துவச் செலவுக்காகவோ விற்பவராக இருக்கலாம். எனவே அன்று மாலையே ஒழுங்கையில் நாலடி நடந்து சென்று, நாங்கள் மற்றதை எடுக்கிறோம் என்று நேரிற் சொல்லிவிட வேண்டும். நாளைக்கே அவரிடம் இன்னொருவர் வீடு பார்க்க வரக்கூடும்.