படுக்கையருகே எந்த ஓவியம்?

கேரளத்தில் கூடல்லூரில் பிறந்து சென்னையில் வாழ்ந்த அச்சுதன் கூடல்லூர், 1988இல் லலித் கலா அகாதெமியின் தேசிய விருது பெற்ற ஓவியர். அவருடைய அருவ ஓவியங்களில் இயற்கை, உருவமின்றி வண்ணங்களாகவே விரியும். கலைக்கூடத்தில் அவை சிந்தனையைத் தூண்டும். நோயாளியின் தேவையோ வேறு.

சுவீடன் நாட்டின் உப்சாலா மருத்துவமனையில், இதய அறுவை சிகிச்சை பெற்றவர்களிடம் ஓர் ஆய்வு நடைபெற்றது. மரங்களும் நீரும் தெளிவாகத் தெரிந்த படம் அவர்களின் பதற்றத்தைத் தணித்தது. நேர்கோடுகளாலான அருவப் படம் தணிக்கவில்லை. வலியால் களைத்த மனம், புரியாத வடிவங்களில் அச்சத்தையே காணக்கூடும்.

ஆகவே, மாரியூர்க் கடலும் பனைமரங்களும் போன்ற பழகிய காட்சியொன்றை நோயாளியே தேர்ந்தெடுக்கட்டும். படுத்தவாறே காணும் உயரத்தில் அதை மாட்டுங்கள். அது மருந்துக்கு மாற்றன்று, துணையே. வலி மிகுந்தால் செவிலியரிடம் உடனே தெரிவியுங்கள்.