கரையிறங்கிய பின்னர்…

பயணம் புறப்படும்போது நாம் காட்டும் கவனத்தில் பாதியளவேனும் திரும்பி வரும்போது காட்டுவதில்லை. போகும்போது பெட்டிகளை மும்முறை எண்ணுகின்றோம். வழியனுப்ப உறவினர் வருகின்றனர். செபம் சொல்லிப் புறப்படுகின்றோம். திரும்பும் நாளிலோ, பார்க்க வேண்டியவற்றையெல்லாம் பார்த்தாயிற்று, இனி வீடு போய்ச் சேரவேண்டியதுதானே என்னும் எண்ணம் மேலோங்கிவிடுகின்றது. இன்னல்கள் பெரும்பாலும் அந்த நாளிலேயே நேருகின்றன.

வெளிநாடுகளில் பணியாற்றும் பிள்ளைகள் தம் வயது முதிர்ந்த பெற்றோரை வரவழைத்து, மத்தியதரைக் கடலில் உல்லாசக் கப்பற் பயணம் அழைத்துச் செல்லும் வழக்கம் இப்பொழுது நம் குடும்பங்களிலும் தோன்றியிருக்கின்றது. பெற்றோரைப் பேணும் அன்பின் அடையாளம் இது, வரவேற்கத்தக்கதே. ஏழு நாளோ பத்து நாளோ கடலில் கழித்தபின், ஒரு நாள் விடியற்காலையில் கப்பல் உரோமைக்குரிய துறைமுகத்தை வந்தடைகின்றது. அன்றைக்கே ஊர் திரும்ப வானூர்தி. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட சில மணி நேரத்தைப் பற்றியே இக்கட்டுரையில் கூற விழைகின்றோம்.

துறைமுகம் உரோமையில் இல்லை

கப்பல் நிறுவனங்களின் விளம்பரங்களில் "உரோமை" என்றே அச்சிடப்பட்டிருக்கும். உண்மையில் கப்பல் வந்து நிற்பது உரோமை நகரில் அன்று. அதற்கு வடமேற்கே ஏறத்தாழ 70 கிலோமீட்டர் தொலைவிலுள்ள சிவித்தாவெக்கியா என்னும் கடற்கரை நகரில். பேரரசர் டிராஜன் கி.பி. இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமைத்த துறைமுகம் இது. பிற்காலத்தில் திருத்தந்தையரின் ஆட்சிப் பகுதிக்கு இதுவே கடல் வாயிலாக விளங்கியது. கரையோரத்தில் நிற்கும் பெரிய கோட்டையின் பணியைத் திருத்தந்தை இரண்டாம் ஜூலியஸ் காலத்தில் 1508இல் பிரமாந்தே தொடங்கினார். அதன் நடுக்கோபுரத்தின் மேற்பகுதி மைக்கலாஞ்சலோவின் கைவண்ணம் எனக் கருதப்படுவதால், கோட்டையே அவர் பெயரால் வழங்குகின்றது. 2023ஆம் ஆண்டில் மட்டும் 30 இலட்சத்திற்கும் மேற்பட்ட உல்லாசக் கப்பற் பயணிகள் இத்துறைமுகத்தைப் பயன்படுத்தினர்.

வானூர்தி நிலையமோ சிவித்தாவெக்கியாவுக்குத் தென்கிழக்கே, ஏறத்தாழ 60 கிலோமீட்டருக்கு அப்பால், ஃபியுமிச்சினோ என்னுமிடத்தில் உள்ளது. லியோனார்டோ தா வின்சியின் பெயர் தாங்கிய இந்நிலையம் 1961 முதல் இயங்கி வருகின்றது. உரோமைக்குச் சம்பினோ என்னும் மற்றொரு வானூர்தி நிலையமும் உண்டு; அது நகரின் மறுபுறத்தில் உள்ளது. எனவே, பயணச்சீட்டில் எந்த நிலையத்தின் பெயர் இருக்கின்றது என்பதை முதற்கண் பார்த்துக்கொள்வது கடமை.

முந்தின இரவே தொடங்கும் பயணம்

கப்பலை விட்டு இறங்கும் பயணம் முந்தின இரவே தொடங்கிவிடுகின்றது. பெரிய பெட்டிகளையெல்லாம் வண்ணச் சீட்டுக் கட்டி, இரவு உறங்குமுன் அறை வாயிலுக்கு வெளியே வைத்துவிட வேண்டும். பணியாளர் அவற்றை எடுத்துச் சென்று, மறுநாள் காலை துறைமுகக் கூடத்தில் வண்ண வாரியாக அடுக்கி வைப்பர். அதற்குப்பின் கரையிறங்கும்வரை அப்பெட்டிகளை நாம் காண முடியாது.

இவ்வேற்பாட்டை அறியாதோர் படும் அல்லல் சிறிதன்று. மறுநாள் உடுத்த வேண்டிய உடையையும் பெட்டியினுள் வைத்துப் பூட்டிவிட்டு, இரவு உடையுடன் நிற்போர் உண்டு. அது சிரித்து மறக்கத்தக்க செய்தி. ஆனால் இரத்த அழுத்த மாத்திரையும் இன்சுலின் மருந்தும் பெட்டியோடு போய்விட்டால் அது சிரிப்பதற்குரியதன்று. ஆகவே கடவுச்சீட்டு, பயணச்சீட்டு, பணம், மூக்குக் கண்ணாடி, இரு நாளைக்குப் போதுமான மருந்து, ஒரு மாற்றுடை ஆகியவை கைப்பையில் இருத்தல் வேண்டும். அந்தக் கைப்பை யார் கையில் இருக்கும் என்பதையும் குடும்பத்தினர் முன்னரே பேசி முடிவு செய்துகொள்க.

இந்தியக் கடவுச்சீட்டு உடையோர் நோக்க வேண்டிய மற்றொன்றும் உண்டு. கப்பல் இத்தாலியிலிருந்து புறப்பட்டுத் துருக்கி போன்ற நாட்டிற்குச் சென்று திரும்புமாயின், அது ஷெங்கன் எல்லையைக் கடந்து மீண்டும் உள்ளே நுழைகின்றது. ஒருமுறை நுழைவதற்கு மட்டும் பெற்ற விசா அதற்குப் போதாது. பன்முறை நுழைவு விசா தேவை. இதனைக் கப்பலில் ஏறிய பின் அறிந்து பயனில்லை.

இறங்கும் வரிசை

கப்பல் காலை 5 மணிக்கும் 7 மணிக்கும் இடையில் கரையணைவது வழக்கம். ஆயினும் துறைமுக அதிகாரிகள் இசைவு வழங்கிய பின்னரே எவரும் இறங்கலாம். தம் பெட்டிகளைத் தாமே சுமந்து செல்ல இயன்றோர் முதலில் இறங்குவர். மற்றவர் வண்ணச் சீட்டின் வரிசைப்படி அழைக்கப்படுவர். இவ்வழைப்பு 9 மணியையும் தாண்டி நீளலாம். சக்கர நாற்காலி தேவைப்படுவோர் கப்பலின் உதவி மேசையில் இரண்டொரு நாள் முன்னதாகவே சொல்லி வைத்தல் நலம். அவ்வாறே வானூர்தி நிறுவனத்திற்கும் 48 மணி நேரத்திற்கு முன்னர் அறிவித்துவிட்டால், வானூர்தி நிலையத்தில் துணையாளர் ஒருவர் வருவார். ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டப்படி இவ்வுதவிக்குக் கட்டணம் இல்லை. நம்மவரில் பலர் கேட்கக் கூசி, முழங்கால் வலியோடு நெடுந்தொலைவு நடக்கின்றனர். கூச்சம் தேவையில்லை, இது இரந்து பெறும் சலுகையன்று, உரிமை.

மூன்று வழிகள்

முதல் வழி, கப்பல் நிறுவனமே ஏற்பாடு செய்யும் பேருந்து. கட்டணம் கூடுதலாக இருக்கலாம். ஆனால் கப்பல் தாமதித்தால் பேருந்தும் காத்திருக்கும். பெட்டிகளைத் தூக்கி ஏற்றவும் ஆள் உண்டு. முதியோர் இருவர் மட்டும் செல்வதாயின் இதுவே தக்கது என்போம்.

இரண்டாம் வழி, முன்பதிவு செய்த வாடகைக் கார் அல்லது சிற்றுந்து. நெடுஞ்சாலை வழியே ஏறத்தாழ ஒரு மணி நேரப் பயணம். உரோமை நகருக்குள் நுழைய வேண்டியதில்லை. நான்கைந்து பேராகச் சென்றால் செலவு பங்கிடப்பட்டுக் கப்பல் பேருந்தின் கட்டணத்தினும் குறைந்துவிடுவதுண்டு. கட்டணம் மொத்த வண்டிக்கா, ஆளுக்கா, பெட்டிக்கும் சேர்த்தா என்பதை ஏறுமுன் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். முன்பதிவின்றித் துறைமுக வாயிலில் வந்து அழைப்போரிடம் அவசரத்தில் ஒப்புக்கொள்ளுதல் விவேகமன்று.

மூன்றாம் வழி, தொடர்வண்டி. செலவில் இதுவே மிகக் குறைவு. உழைப்பில் இதுவே மிகுதி. கப்பலடியிலிருந்து துறைமுகப் பேருந்து பயணிகளை லார்கோ தெல்லா பாச்சே என்னும் திடலில் கொண்டுவிடும். 'அமைதித் திடல்' என்பது அப்பெயரின் பொருள். காலை நேரத்தில் அங்கு அமைதியைக் காண்பது அரிது. அங்கிருந்து நகரப் பேருந்தில் தொடர்வண்டி நிலையம் செல்லலாம். பெட்டி சிறியதாயின் கடற்கரைச் சாலையில் 20 நிமிடம் அளவில் நடந்தும் போகலாம்.

சிவித்தாவெக்கியாவில் ஏறுவோர் உரோமையின் தலைமை நிலையமாகிய தெர்மினிவரை போக வேண்டுவதில்லை. அதற்கு முன்பே வரும் டிராஸ்தேவெரே நிலையத்தில் இறங்கி, வானூர்தி நிலையம் செல்லும் வட்டார வண்டிக்கு மாறிக்கொள்ளலாம். முதற்கட்டம் ஒரு மணி நேரம் அளவிலும், இரண்டாம் கட்டம் அரை மணி நேரத்திற்குச் சற்றுக் குறைவாகவும் ஆகும். தெர்மினியிலிருந்து 32 நிமிடத்தில் நேரே செல்லும் விரைவு வண்டி ஒன்றும் உண்டு. அதன் சீட்டு வேறு, வட்டார வண்டியின் சீட்டு வேறு. ஒன்றிற்கு வாங்கியது மற்றொன்றிற்குச் செல்லாது. காகிதச் சீட்டாயின், ஏறுமுன் நடைமேடையிலுள்ள சிறு இயந்திரத்தில் அதனைச் செருகி முத்திரை பெறுதல் வேண்டும். முத்திரையில்லாச் சீட்டு, பணம் கொடுத்து வாங்கியதேயாயினும், அபராதத்திற்குரியது.

இத்தாலியில் தொடர்வண்டி வேலைநிறுத்தம் அவ்வப்போது நிகழும். முன்கூட்டியே அறிவிக்கப்படும், வேலை நாட்களில் காலை 6 முதல் 9 வரையிலும் மாலை 6 முதல் 9 வரையிலும் இன்றியமையாத வட்டார வண்டிகள் ஓடும். கப்பலிலிருந்து இறங்குவோர் நிலையம் வந்து சேரும் நேரம் பெரும்பாலும் 9 மணிக்குப் பின்னரே என்பதைக் கருதினால், அத்தகைய நாளில் சாலை வழியே உகந்தது என்பது விளங்கும்.

நேரக் கணக்கு

இனி, கணக்கிட்டுப் பார்ப்போம். காலை 8.15க்குக் கப்பலை விட்டு இறங்குவதாகக் கொள்வோம். பெட்டிகளைத் தேடி எடுக்க 8.45 ஆகும். காரில் சென்றால் 10 மணி அளவில் வானூர்தி நிலையம் சேரலாம். தொடர்வண்டியில் சென்றால், பேருந்து, காத்திருத்தல், வண்டி மாறுதல் எல்லாம் சேர்ந்து 11.30 ஆகிவிடும். அயல்நாட்டு வானூர்திக்கு மூன்று மணி நேரம் முன்னதாக வருமாறு கூறுகின்றனர். எனவே காரில் செல்வோர்க்குப் பிற்பகல் 1 மணிக்குப் பிந்திய வானூர்தியும், தொடர்வண்டியில் செல்வோர்க்கு 2.30க்குப் பிந்தியதும் பொருத்தமானவை. இதற்கு முந்திய வானூர்தி எவ்வளவு மலிவாகக் கிடைப்பினும் அது மலிவன்று.

நாம் அறிந்த ஒரு குடும்பத்தில் நடந்தது இது. மகன் சிக்கனம் கருதி முற்பகல் 10.40 வானூர்திக்குப் பதிவு செய்திருந்தார். கப்பல் தாமதிக்கவில்லை, எவர்மீதும் குறையில்லை. தந்தைக்குச் சக்கர நாற்காலி வந்து சேர்ந்தபோது மணி 8.40. வானூர்தி நிலையத்தில் பெட்டிகளை ஏற்கும் மேசை மூடப்பட்டுப் பத்து நிமிடம் கழிந்த பின்னரே அவர்களால் போய்ச் சேர முடிந்தது. புதிய சீட்டுகளுக்கு ஆன செலவு, மிச்சம் பிடித்ததைப் போல் பன்மடங்கு. அதைவிட, அன்றிரவு முழுதும் அந்தத் தாய் நாற்காலியில் அமர்ந்தவாறே விழித்திருந்ததும், தம்மால்தான் பிள்ளைக்கு இத்தனை இழப்பு எனத் தந்தை திரும்பத் திரும்பச் சொன்னதுமே பெருந்துயர். முதியோர் தம்மைச் சுமையெனக் கருதும்படி நம் திட்டங்கள் அமைந்துவிடலாகாது. அவர்களது நடையின் வேகத்திற்கே நேரத்தைக் கணக்கிட வேண்டும்.

முடியுமாயின், அன்றிரவு உரோமையிலோ சிவித்தாவெக்கியாவிலோ தங்கி மறுநாள் புறப்படுவது மிகச் சிறந்தது. தங்க இயலாதோர், இடையில் வானூர்தி மாறவேண்டியிருப்பின், ஊர்வரை ஒரே பயணச்சீட்டாகப் பெறுவாராக. முதல் வானூர்தி தாமதித்து அடுத்ததை இழக்க நேர்ந்தால், மாற்று ஏற்பாடு செய்யும் பொறுப்பு அப்போது நிறுவனத்தைச் சாரும்.

காத்திருந்தோரின் கரை

சிவித்தாவெக்கியாவில் ஓரிரு மணி நேரம் கிடைப்பவர், சப்பானிய மறைசாட்சியர் ஆலயத்தைக் காணத் தவறற்க. நாகசாகியில் உயிர் துறந்த 26 மறைசாட்சியரின் நினைவாக 1864இல் எழுந்தது இவ்வாலயம். உள்ளே சப்பானிய ஓவியர் லூக்கா ஹாசெகாவா தீட்டிய அன்னை மரியா, கிமோனோ உடையில் காட்சி தருகின்றார். சப்பானியத் தூதர் ஹாசெகுரா 1615இல் திருத்தந்தையைக் காண வந்து கரையிறங்கியதும் இத்துறைமுகத்திலேயே.

வானூர்தி நிலையத்தின் அருகிலும் ஒரு பழந்துறை உண்டு. பேரரசர் கிளாடியஸ் தொடங்கி, டிராஜன் விரிவாக்கிய போர்த்துஸ் அது. அதன் அறுகோண வடிவக் குளம் இன்றும் அழியாதிருக்கின்றது. வானூர்தி எழும்பும் திசை வாய்த்தால் சாளரத்தின் வழியே காணலாம். நான்காம் நூற்றாண்டின் இறுதியில் பம்மாக்கியுஸ் என்னும் உரோமைப் பெருமகனும் பபியோலா அம்மையாரும் அத்துறையில் வழிப்போக்கர்க்கென ஒரு விடுதி அமைத்தனர். அதனைப் புனித எரோணிமுஸ் தம் மடல்களில் புகழ்ந்துள்ளார். பயணிகள் இடர்ப்படும் இடம் துறைமுகமே என்பதை அவர்கள் அன்றே உணர்ந்திருந்தனர்.

சில கிலோமீட்டர் அப்பால் ஓஸ்தியா. கி.பி. 387இல், ஆப்பிரிக்காவுக்குக் கப்பலேறத் தம் மகன் அகுஸ்தீனுடன் காத்திருந்த புனித மோனிக்கா, நெடும்பயணக் களைப்பின்பின் காய்ச்சலுற்று இவ்வூரில்தான் உயிர் நீத்தார். ஊர் திரும்பும் வழியில் தாயை உடன் வைத்திருந்த மகன், அவரோடு அமர்ந்து உரையாட நேரம் கண்டார் என்பதை நாம் மறத்தலாகாது.

நமக்குப் பணிவிடை செய்தோர்

இறுதியாக ஒன்று. நாம் கரையிறங்கும் அதே காலையில், நமக்கு உணவு பரிமாறிய, படுக்கை விரித்த பணியாளருள் சிலரும் ஒப்பந்தம் முடிந்து பல மாதங்களுக்குப் பின் வீடு திரும்புவர். அவர்களில் இந்தியரும் பிலிப்பீனியரும் பலர். நம் கடலோரச் சிற்றூர்களின் இளைஞரும் உளர். அவர்களை வீடு சேர்க்கும் செலவு கப்பல் உரிமையாளரைச் சார்ந்தது என 2006ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை விதித்துள்ளது. 2013 முதல் அது நடைமுறையிலுள்ளது. ஆயினும் பெருந்தொற்று பரவிய 2020ஆம் ஆண்டில் எல்லைகள் மூடப்பட்டதால், ஏறத்தாழ 4 இலட்சம் கடலோடிகள் ஒப்பந்தம் முடிந்தும் இறங்க வழியின்றிக் கப்பல்களிலேயே சிக்கியிருந்தனர். 1920இல் கிளாஸ்கோ நகரில் தோன்றிய 'கடலின் விண்மீன்' என்னும் கத்தோலிக்கப் பணி இத்தகையோர்க்காகவே துறைமுகங்களில் இயங்கி வருகின்றது.

ஆகவே, வானூர்தி நிலையம் செல்லும் பேருந்தில் அருகே அமரும் இளைஞர் கப்பற் பணியாளராயின், எந்த ஊர் என்று அன்புடன் விசாரிப்போம். அவர் வரவை எதிர்நோக்கி ஒரு வீட்டில் தாய் ஒருத்தி வாயிலில் நிற்கக்கூடும். நம் பிள்ளைகளும் நமக்காக அவ்வாறே காத்திருக்கின்றனர். எல்லாரும் பதற்றமின்றி வீடு சேர, முந்தின இரவே கைப்பையைச் சரிபார்த்து வைப்போமாக.