முத்திரை போட்ட நெல்

உங்கள் வயலில் நெல் முற்றித் தலைசாய்ந்து நிற்கிறது. வானத்தில் கருமேகம் திரள்கிறது. உடனே அறுக்க வேண்டும். ஆனால், "அதிகாரி வந்து பார்க்கும்வரை அரிவாள் வைக்கக் கூடாது" என்பது உத்தரவு. என்ன செய்வீர்கள்?

இது கற்பனை அல்ல. எங்கள் வல்லத்திராக்கோட்டை அந்நாளில் புதுக்கோட்டை சமஸ்தானத்தில் இருந்தது. தொண்டைமான் மன்னர்கள் ஆண்ட நாடு அது. அங்கே 'அமானி' என்றொரு வரிமுறை இருந்தது. விளைந்த நெல்லில் ஒரு பங்கு அரசுக்கு. மறு பங்கு விவசாயிக்கு. கேட்பதற்கு நியாயமாகத்தானே இருக்கிறது?

நடந்ததோ வேறு. வயலுக்குக் காவல் ஒருவர், களத்தில் நெற்குவியலுக்கு முத்திரையிட ஒருவர், அளக்க ஒருவர், கணக்கெழுத ஒருவர்! ஒவ்வொருவருக்கும் விவசாயி பயப்பட வேண்டும். காத்திருக்கும்போது மழை பெய்தால் என்ன ஆகும்? நனைந்த நெல் களத்திலேயே முளைத்துவிடும். அரசுக் களஞ்சியத்துக்கும் முழுப் பங்கு போய்ச் சேரவில்லை. இரு பக்கமும் நஷ்டம். நடுவில் நின்றவர்களுக்கே லாபம்.

1878-ல் சேஷய்யா சாஸ்திரி இங்கே திவானாக வந்தார். திவான் என்றால் மன்னருக்கு அடுத்த பெரிய அதிகாரி. கும்பகோணம் பக்கத்தில் ஏழைக் குடும்பத்தில் பிறந்து, படிப்பால் உயர்ந்தவர். முன்பு திருவாங்கூரிலும் திவானாக இருந்தவர்.

நான்கு பேரைத் தண்டித்துவிட்டு அவர் சும்மா இருந்திருக்கலாம். அப்படிச் செய்யவில்லை. தவறுக்கு இடம் கொடுத்த அமானி முறையையே ஒழித்தார். நிலத்துக்கு இவ்வளவு என்று வரியைப் பணமாக நிர்ணயித்தார். அதன்பின் அறுவடை நாளை விவசாயியே முடிவு செய்தார். சரி, மழை பொய்த்தாலும் பணம் கட்ட வேண்டுமே? அதனால்தான் குளங்கள் முக்கியம். பழுதான நீர்நிலைகளையும் அவர் செப்பனிடச் செய்தார்.

சீனாவிலும் இப்படி ஒரு கதை சொல்வார்கள். சுமார் 2,400 ஆண்டுகளுக்கு முன், வெய் என்ற சிற்றரசில் ஷிமென் பாவோ என்றோர் அதிகாரி இருந்தார். ஆற்றுத் தெய்வத்தின் பெயரைச் சொல்லிச் சிலர் மக்களிடம் பணம் பறித்து வந்தனர். அதை அவர் நிறுத்தினார். பிறகு மக்களைக் கொண்டே 12 கால்வாய்கள் வெட்டி, வயலுக்கு நீர் பாய்ச்சினார்.

புதுக்கோட்டை சமஸ்தானம் 1948-ல் இந்தியாவுடன் இணைந்தது. இன்று திவான் இல்லை, ஆட்சியர் இருக்கிறார். நாளை அந்த நாற்காலியில் உங்களில் ஒருவர் அமரலாம். அப்போது ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: உங்கள் கையெழுத்துக்காக ஒருவர் களத்தில் காத்திருப்பார். வானத்தில் மேகம் திரண்டுகொண்டிருக்கும்.