பூனைகளின் பயண நோய்

பூனைகளின் பயண நோய் என்பது, மகிழுந்து முதலிய ஊர்திகளில் கொண்டு செல்லப்படும்போது வீட்டுப் பூனைகளுக்கு ஏற்படும் குமட்டல், வாந்தி, எச்சில் வடிதல், ஓயாத கத்தல் முதலியவற்றைக் குறிக்கும். இவற்றுள் சில ஊர்தியின் அசைவினால் விளைபவை; சில அச்சத்தினால் விளைபவை. இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோல இருந்தாலும் அவற்றைத் தணிக்கும் முறைகள் வேறானவை. பயணத்திற்கு அஞ்சும் பூனையைக் கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்வதை வளர்ப்போர் தள்ளிப்போடுவதால், பிற நோய்கள் முற்றிய பின்னரே அறியப்படும் நிலையும் ஏற்படலாம்.

காரணங்கள்

அசைவு: உட்செவியில் உள்ள மூன்று அரைவட்டக் குழல்கள் தலையின் சுழற்சியை உணர்கின்றன. செவிக்கற்களைக் கொண்ட இரு பைகள் நேர்கோட்டு அசைவையும் புவியீர்ப்பையும் உணர்கின்றன. கூண்டுக்குள் இருக்கும் பூனையின் கண்களுக்குக் கூண்டின் சுவர்கள் அசையாமல் தெரிகின்றன. உட்செவியோ வண்டியின் திருப்பங்களையும் குலுக்கல்களையும் மூளைக்குத் தெரிவிக்கிறது. இம்முரண்பாடே குமட்டலுக்குக் காரணம் எனக் கருதப்படுகிறது. மனிதருக்கு ஏற்படும் பயணக் குமட்டலும் இத்தகையதே.

அச்சம்: பூனை தன் வாழிட எல்லையோடு நெருங்கிய பிணைப்புடைய விலங்கு. கன்னங்களைப் பொருட்களின் மீது உரசித் தன் மணத்தைப் பதித்து, பழகிய இடத்தை அடையாளப்படுத்துகிறது. பயணத்தில் அம்மணம் மறைந்து புதிய ஒலிகளும் மணங்களும் சூழ்கின்றன. மேலும், பல வீடுகளில் மருத்துவரிடம் செல்லும் நாளில் மட்டுமே கூண்டு வெளியே எடுக்கப்படுகிறது. ஆகவே கூண்டைக் கண்டதும் பூனை ஒளிந்துகொள்ளப் பழகிவிடுகிறது. ஒரு முறை வண்டியில் வாந்தி எடுத்த பூனை பின்னர் வண்டிக்கே அஞ்சுவதும் உண்டு.

அறிகுறிகளை வேறுபடுத்தல்

வண்டி புறப்படும் முன்பே, கூண்டில் வைத்தவுடன் கத்தல், நடுக்கம், சிறுநீர் கழித்தல் முதலியன தோன்றினால் அச்சமே முதன்மைக் காரணமாக இருக்கலாம். வண்டி ஓடத் தொடங்கிச் சிறிது நேரத்திற்குப் பின், அல்லது வளைவுகள் மிகுந்த சாலையில், பூனை உதடுகளை நக்குதல், அடிக்கடி விழுங்குதல், எச்சில் வடித்தல், பின்னர் வாந்தி எடுத்தல் ஆகியன அசைவினால் விளையும் குமட்டலைக் காட்டும். இரண்டும் சேர்ந்தும் வரலாம். வாயைத் திறந்து மூச்சிரைப்பது நாய்களில் இயல்பானது, பூனைகளில் அவ்வாறன்று. அது கடும் அச்சம், மிகை வெப்பம் அல்லது மூச்சு, இதய நோய்களின் அறிகுறியாக இருக்கலாம் என்பதால் உடனடிக் கவனம் தேவை.

கூண்டுக்குப் பழக்குதல்

பழக்குதல் பின்வரும் படிகளில் நடைபெறும்.

1. கூண்டைக் கதவு திறந்த நிலையில், பூனை வழக்கமாக உறங்கும் துணியுடன் வீட்டிலேயே எப்போதும் வைத்திருத்தல். உணவை அதனுள் வைத்தல்.
2. பூனை தானாக உள்ளே சென்று உண்ணத் தொடங்கிய பின், கதவைச் சில நொடிகளும் பின்னர் சில நிமிடங்களும் மூடுதல்.
3. கூண்டைத் தூக்கி வீட்டுக்குள் நடத்தல்.
4. நிறுத்தப்பட்ட வண்டியில் வைத்தல். அடுத்து இயந்திரத்தை இயக்குதல். பின்னர் ஒரு தெருவைச் சுற்றி வீடு திரும்புதல்.

ஒரு படியில் பூனை உணவை மறுத்தால் முந்தைய படிக்குத் திரும்ப வேண்டும். 22 பூனைகளைக் கொண்டு நடத்தப்பட்டு 2018 இல் வெளியான ஆய்வொன்றில், கூண்டுக்குப் பழக்கப்பட்ட பூனைகள் மகிழுந்துப் பயணத்தில் மற்றவற்றைவிடக் குறைந்த மன அழுத்தத்தைக் காட்டின.

பயணத்தின்போது

வளர்ந்த பூனைக்குப் பயணத்திற்குச் சில மணி நேரம் முன்பே உணவு நிறுத்தப்படலாம். நீரை நிறுத்தத் தேவையில்லை. குட்டிகளுக்கும் நீரிழிவு உள்ள பூனைகளுக்கும் மருத்துவரைக் கேளாமல் உணவை நிறுத்தக்கூடாது. கூண்டைக் கைப்பிடியில் தொங்கவிடாமல் அடியில் தாங்கித் தூக்குவது அசைவைக் குறைக்கும். முன் இருக்கைக்குப் பின்னுள்ள தரைப்பகுதி கூண்டை வைக்க ஏற்ற இடம். காற்றோட்டம் தடைபடாமல் மெல்லிய துணியால் மூடலாம். திடீர் வேகமும் திடீர் நிறுத்தமும் தவிர்க்கப்பட வேண்டும். கன்ன மணத்தை ஒத்த செயற்கைப் பெரோமோன் தெளிப்பான்களும் விற்கப்படுகின்றன. அவற்றின் பயன் குறித்த ஆய்வு முடிவுகள் ஒருமித்தவை அல்ல.

மருந்துகள்

மாரோபிட்டன்ட் மூளையில் வாந்தியைத் தூண்டும் ஏற்பிகளைத் தடுக்கிறது. அது அச்சத்தைப் போக்குவதில்லை. அச்சத்திற்குக் காபாபென்டின் பரவலாகப் பயன்படுத்தப்படுகிறது. தூக்கமும் தள்ளாட்டமும் இதன் பக்கவிளைவுகள். பயணம், மருத்துவரிடம் செல்லுதல் ஆகியவற்றால் பூனைகளுக்கு ஏற்படும் அச்சத்தைத் தணிக்கப் பிரிகாபலின் வாய்வழிக் கரைசல் ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 இலும் ஐக்கிய அமெரிக்காவில் 2023 இலும் ஒப்புதல் பெற்றது. இது பயணத்திற்கு ஏறத்தாழ 90 நிமிடங்களுக்கு முன் கொடுக்கப்படுகிறது. அசிப்புரோமசின் உடலை அயர்த்தினாலும் அச்சத்தை நீக்குவதாகக் கருதப்படுவதில்லை. அளவை மருத்துவரே முடிவுசெய்ய வேண்டும்.

எச்சரிக்கைகள்

* மனிதருக்கான மருந்துகளைத் தாமாகக் கொடுக்கக்கூடாது. பாராசிட்டமாலைப் பூனையின் கல்லீரலால் போதிய அளவு சிதைக்க இயலாது. ஒரு மாத்திரையே உயிரைப் பறிக்கலாம்.
* ஓடும் வண்டியில் பூனையைக் கூண்டிலிருந்து வெளியே விடக்கூடாது. அது ஓட்டுநரின் காலடியில், தடை மிதியின் கீழ் புகுந்துவிடலாம்.
* நிறுத்திய வண்டியில் பூனையைத் தனியே விடக்கூடாது. 2005 இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், வெயிலில் நின்ற மகிழுந்தின் உள்வெப்பம் ஒரு மணி நேரத்தில் சராசரியாக ஏறத்தாழ 22 பாகை செல்சியசு உயர்ந்தது. அவ்வுயர்வில் 80 விழுக்காடு முதல் 30 நிமிடங்களிலேயே நிகழ்ந்தது.