கடல் தாண்டி வந்த பாட்டு கூடத்தில் தடுக்கி விழுகிறது

அந்தமானுக்கு ஃபைபர் வந்தாகிவிட்டது. இனி ஸ்டீரியோ திக்கினால் பழி கடல் மேல் இல்லை.

ஒரு காலத்தில் போர்ட் பிளேருக்குப் புதுப்படப் பாட்டு கப்பலில் வந்தது. சென்னையிலிருந்து சுமார் மூன்று நாள் பயணம். பிறகு இன்டர்நெட் வந்தது. அது கப்பலைவிட வேகம் என்று சத்தியம் செய்ய முடியாத ஆண்டுகளும் இருந்தன.

காரணம், வானம். தீவுகளின் தொடர்பு முழுவதும் 36,000 கி.மீ. உயரத்தில் நிற்கும் செயற்கைக்கோள்களை நம்பியிருந்தது. பாட்டு வேண்டும் என்று கேட்டு பதில் வரவே சுமார் அரை விநாடி. அந்தத் தாமதத்தைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஒடுக்கமான ஒரே பாதையை ஊரே பங்கு போட்டதுதான் கொடுமை. கடலடி கேபிள் வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2014-ல் பரிந்துரைத்தது. 2018 டிசம்பரில் அடிக்கல், 2020 ஆகஸ்ட் 10-ல் திறப்பு விழா. சுமார் 2,300 கி.மீ. நீளம், 1,224 கோடி ரூபாய் செலவு. சென்னையிலிருந்து கிளம்பும் கேபிள், 2024-ல் ஸ்ரீ விஜய புரம் என்று பெயர் மாறிய போர்ட் பிளேரைத் தொட்டு, ஹேவ்லாக் எனப்பட்ட ஸ்வராஜ் தீவு, ரங்கத், லிட்டில் அந்தமான், கார் நிகோபார், கிரேட் நிகோபார் என்று நீள்கிறது.

கணக்கைப் பாருங்கள். சிடி தரத்தில் ஒரு பாட்டுக்கு விநாடிக்கு சுமார் 14 லட்சம் பிட் தேவை. சாதாரண 10 மெகாபிட் இணைப்பிலேயே அப்படி ஏழு பாட்டை ஒரே நேரத்தில் ஓட்டலாம். ஆக, வாசல்வரை பாட்டு சுகமாகவே வருகிறது. பிறகு என்ன கோளாறு?

முதல் சந்தேக நபர், புளூடூத். போனிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்குப் போகும் அந்தக் கடைசி பத்தடியில், வழக்கமான எஸ்பிசி முறை பாட்டை விநாடிக்கு சுமார் மூன்றேகால் லட்சம் பிட்டாகச் சுருக்குகிறது. ஆப்பில் ஏற்கெனவே சுருங்கி வந்த பாட்டு மறுபடி சுருங்குகிறது. பிழிந்த கரும்பை இன்னொரு முறை மெஷினில் விடுவது மாதிரி. எல்டேக் முறையில் 9.9 லட்சம் வரை போகும். ஆனால் இரண்டு பக்கத்துக் கருவிகளுக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். ஐபோனுக்குத் தெரியாது.

மாற்று வழி, வைஃபை ஸ்ட்ரீமர். பாட்டை அதுவே நெட்டிலிருந்து எடுத்துக்கொள்கிறது. போன் வெறும் ரிமோட். பழைய ஸ்டீரியோவின் 'ஆக்ஸ்' துளையில் ஒயரைச் செருகினால் போதும், புது செட் வாங்க வேண்டியதில்லை.

வைஃபையும் சும்மா விடாது. தீவுகளின் மரச்சுவர்கள் அலைகளுக்கு வழிவிடும். தகரத் தடுப்புகள் திருப்பி அடித்துவிடும். ஒயர் நுழைந்த ஜன்னலோரத்திலேயே, பீரோவுக்குப் பின்னால் ரூட்டரை வைத்துவிட்டுக் கூடத்தில் பாட்டு திக்குகிறதே என்றால்? உயரமான, திறந்த இடத்துக்கு மாற்றுங்கள். புளூடூத்தும் மைக்ரோவேவ் அடுப்பும் நெருக்கியடிக்கும் 2.4 கிகாஹெர்ட்ஸை விட்டு 5 கிகாஹெர்ட்ஸுக்குப் போங்கள். அதற்கு எட்டும் தூரம் குறைவு, சுவர்களும் அதிகம் தடுக்கும். தூரத்து அறை என்றால் லேன் ஒயரை இழுத்துவிடுவதே மேல். சாதாரண ஒயர் 100 மீட்டர் வரை தாங்கும். 'ஆடியோவுக்கென்றே' ஆயிரக்கணக்கில் விற்கும் ஒயர்களுக்கு இந்த வேலையில் ஒரு கூடுதல் பயனும் இல்லை.

ஆப்பின் செட்டிங்கையும் பாருங்கள். 'ஆட்டோ'வில் விட்டால் சிக்னல் மங்கும்போது தரம் சத்தமில்லாமல் இறங்கிவிடும். உச்சத் தரத்துக்கு மாற்றுங்கள். வைஃபைக்கும் டவுன்லோடுக்கும் தனித்தனியாக. சௌரா, தெரசா போன்ற தீவுகளில் 2020-ன் கேபிள் இறங்கவில்லை. அங்கே முன்கூட்டியே டவுன்லோடு செய்து வைப்பதுதான் விவேகம்.

தீவுக்கே உரிய எதிரி ஒன்று உண்டு: உப்புக்காற்று. ஆண்டுக்கு சுமார் 3,000 மி.மீ. மழை பெய்யும் ஊரில் ஜாக்கும் பிளக்கும் பச்சை பூத்து, ஒரு பக்க ஸ்பீக்கர் கரகரக்கும். வைஃபையைத் திட்டுவதற்கு முன் பிளக்கைக் கழற்றி கான்டாக்ட் கிளீனரால் துடையுங்கள்.

320 கிலோபிட் பாட்டுக்கும் சிடி தரத்துக்கும் உள்ள வித்தியாசம் பலர் காதுக்கு எட்டுவதில்லை என்பதும் உண்மை. பாட்டு நடுவில் நின்றால் எல்லோருக்கும் கேட்கும். எனவே முதல் செலவு தடையில்லாத ஓட்டத்துக்கு. உயர் தரச் சந்தா அப்புறம்.

குறை எங்கே என்று கண்டுபிடிக்க எளிய சோதனை: டவுன்லோடு செய்த பாட்டை ஒயர் வழியே ஸ்டீரியோவில் ஓட்டுங்கள். அதில் சுத்தமாகக் கேட்டால் தவறு ஒயரில்லாத பாதையில். அதிலும் மங்கலாகக் கேட்டால் ஸ்பீக்கரையும் பிளக்கையும் பாருங்கள். ஒருவேளை அந்தப் பதிவே, அன்று கப்பலில் வந்தது போன்ற ஏதோ ஒரு கேசட்டிலிருந்து ஏற்றியதாகவும் இருக்கலாம்.