தொலைக் கோப்பும் நின்றுபோகும் உரைத்திருத்தியும்

தொலைவிலுள்ள கணிப்பொறியில் இருக்கும் கோப்பை, பக்கத்திலுள்ள கோப்பைப் போலவே திறந்து திருத்துவதற்கு ஈமாக்ஸ் என்னும் உரைத்திருத்தியில் ‘டிராம்ப்’ என்ற உறுப்பு உண்டு. இதனை உருவாக்கும் வேலை 1998 நவம்பர் இறுதியில் தொடங்கியது. 2007-இல் வெளிவந்த 22-ஆம் பதிப்பிலிருந்து இது ஈமாக்ஸுடன் சேர்த்தே வழங்கப்படுகிறது. களத்தில் எடுத்த அளவுகளைத் தலைமை நிலையத்துக் கோப்பில் பதியும் ஊழியருக்கும், பாடக் குறிப்புகளைக் கல்லூரிக் கணிப்பொறியில் வைத்திருக்கும் ஆசிரியருக்கும் இது பெரிதும் உபயோகமானது. ஆயினும் சில சமயம் கோப்புத் திறவாமல், திருத்தி அசைவற்று நின்றுவிடுகிறது. உடனே தொடர்பைக் குறை கூறுவது வழக்கம். ஆனால் காரணம் பல சமயங்களில் மறுமுனையிலேயே இருக்கிறது.

டிராம்ப் எஸ்எஸ்எச் வழியாக மறுமுனைக்குச் சென்று, அங்கே கட்டளைகளை ஏற்கும் ‘ஷெல்’ என்னும் நிரலுடன் மனிதரைப் போலவே உரையாடுகிறது. கட்டளையை ஏற்க ஷெல் தயார் என்பதை அறிவிக்கும் அழைப்புக்குறி தோன்றும்வரை அது காத்திருக்கும். அக்குறி டாலர், சதவீதம் போன்ற வழக்கமான ஓர் அடையாளத்தில் முடியவேண்டும் என்பது அதன் எதிர்பார்ப்பு. அழகை உத்தேசித்து அம்பும் படமும் நிறமும் சேர்த்த அழைப்புக்குறியை அது அடையாளங்கண்டு கொள்வதில்லை. வாராத ஒன்றுக்காகக் காத்துக்கிடக்கிறது.

இதற்குப் பரிகாரம் எளிது. டிராம்ப் தன் முனையத்தின் பெயரை ‘டம்ப்’ என்று அறிவிக்கும். அப்பெயர் காணப்பட்டால் டாலர் குறியை மட்டும் காட்டுக என்று மறுமுனை ஷெல்லின் தொடக்கக் கோப்பில் ஒரு நிபந்தனை வரியை எழுதிவிடலாம். இஸட்-ஷெல் ஆயின் அதன் வரித்திருத்த வசதியையும் அவ்வரியிலேயே நிறுத்தவேண்டும். நேரில் நுழையும்போது பழைய அலங்காரம் அப்படியே இருக்கும். ஐயம் தீராவிடில் ‘டிராம்ப்-வெர்போஸ்’ என்னும் அளவை வழக்கமான 3-இலிருந்து 6-க்கு உயர்த்தினால், சென்ற வரியும் வந்த வரியும் பதிவாகும். சோதனை முடிந்ததும் 3-க்கே திருப்புவது நலம்.

திருத்தி நின்றுபோயிற்றே என்று அதனை வலுவில் மூடிவிடுவது சரியன்று. பதிந்த அளவுகள் அருகிலுள்ள கணிப்பொறியின் நினைவிலேயே இருக்கின்றன. கன்ட்ரோல்-ஜி அழுத்தி மீண்டபின், ‘டிராம்ப்-கிளீனப்-ஆல்-கனெக்ஷன்ஸ்’ என்ற கட்டளையால் பழைய இணைப்புகளை அறுத்து, மறுபடி சேமிக்கலாம். ‘ஆல்-பஃபர்ஸ்’ என முடியும் மற்றொரு கட்டளை திறந்திருக்கும் தொலைக் கோப்புகளையும் மூட முற்படும். பெயர் ஒற்றுமையால் ஏமாறலாகாது.

பெயரின் தொடக்கத்தைத் தட்டித் ‘டேப்’ விசையை அழுத்தினால் கணிப்பொறியின் முழுப்பெயர் தோன்றவேண்டும். தோன்றாமைக்குக் காரணம் வேறு. டிராம்ப் அப்பெயர்களை எஸ்எஸ்எச் வைத்திருக்கும் கோப்புகளிலிருந்தே அறிகிறது. டெபியன் முதலிய அமைப்புகளில், முன்பு தொடர்புகொண்ட கணிப்பொறிகளின் பட்டியல் பாதுகாப்பின் பொருட்டுச் சங்கேதமாக மாற்றப்பட்டிருப்பதால் படிக்க இயலாது. எஸ்எஸ்எச் அமைப்புக் கோப்பில் பெயர்களை வெளிப்படையாக எழுதிவிட்டால் அவை மீண்டும் தோன்றும். மறுமுனையில் பிறர் அப்போதுதான் உண்டாக்கிய கோப்பு பட்டியலில் வாராதிருப்பது பழுதன்று. முன்பு பெற்ற விவரத்தை டிராம்ப் இயல்பான அமைப்பில் 10 விநாடி வரை வைத்திருந்து உபயோகிக்கும். சற்றுப் பொறுத்து மீண்டும் டேப் விசையை அழுத்தினால் போதும்.