பெட்ரோலில் எத்தனால்: புகை குறையும், தூசி குறையுமா?

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை பார்க்கும் ஒருவர் ஆறு வயது மகனை அழைத்து வந்தார். பையனுக்கு ராத்திரியானால் இழுப்பு. தினமும் ஸ்கூட்டரில் முன்னால் நிற்க வைத்துத்தான் பள்ளிக்குக் கூட்டிப் போகிறாராம். "இப்பத்தான் பெட்ரோல்ல எத்தனால் கலக்குறாங்களே டாக்டர், புகை சுத்தமாயிடுச்சுன்னு சொல்றாங்க. அப்புறம் ஏன் இவனுக்கு இப்படி?" என்றார்.

நியாயமான கேள்வி. உங்கள் வீட்டு வாசலிலும் ஒரு வண்டி நிற்கிறது அல்லவா? பதிலை நீங்களும் தெரிந்துகொள்ளுங்கள்.

எத்தனால் என்ன செய்கிறது?

கரும்புச் சர்க்கரைப் பாகு, உடைந்த அரிசி, மக்காச்சோளம் இவற்றைப் புளிக்க வைத்து வடிப்பதுதான் எத்தனால். நம் நாட்டில் 2003-ல் சில மாநிலங்களில் 5 சதவீதக் கலப்பாகத் தொடங்கி, 2022-ல் 10 சதவீதமாகி, 2025-ல் 20 சதவீதத்தை எட்டியது.

விறகடுப்பில் புகை மண்டினால் ஊதுகுழலால் ஊதுவோம். காற்று போனதும் கரி குறைந்து தீ பளிச்சென்று எரியும். எத்தனாலின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஆக்சிஜன்தான். ஊதுகுழலைக் கூடவே எடுத்து வருகிற எரிபொருள் என்று வைத்துக்கொள்ளுங்களேன்! கரியை அதிகம் உண்டாக்கும் பெட்ரோல் சத்துகளின் பங்கும் கலப்பில் குறைகிறது. ஆகவே பொதுவாகக் கரித்துகள் குறையும். 20 சதவீதக் கலப்பில் கார்பன் மோனாக்ஸைடு இருசக்கர வண்டிகளில் 50 சதவீதமும் கார்களில் 30 சதவீதமும் குறைந்ததாக நிதி ஆயோக்கின் 2021 அறிக்கை சொல்கிறது.

மறுபக்கமும் உண்டு

எத்தனால் ஆவியாவதற்குப் பெட்ரோலைவிட அதிக வெப்பம் வேண்டும். சிலிண்டருக்குள்ளேயே நேராகப் பெட்ரோலைப் பீய்ச்சும் புதுவகைக் கார்களில், இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது துளிகள் ஆவியாகாமல் உள்ளே ஒட்டிக்கொள்ளும். ஈர விறகு மாதிரிதான். துகள் கூடவும் செய்யலாம். அசிட்டால்டிஹைடு என்னும் ஆவியும் சற்று அதிகமாகிறது. இது கண், மூக்கை எரிய வைக்கும்.

முக்கியமான விஷயம் இதுதான். நெடுஞ்சாலையில் போகும் கனரக லாரிகள் பெரும்பாலும் டீசலில் ஓடுபவை. இந்தக் கலப்பு பெட்ரோலுக்குத்தான். உருக்காலைப் புகை, சாலைப் புழுதி, டயர் தேய்ந்த தூள் இவையும் அப்படியே இருக்கின்றன. தலைமுடியின் தடிமனில் இருபதில் ஒரு பங்குக்கும் குறைவான நுண்துகள்கள், மூக்கில் தங்காமல் நுரையீரலின் காற்றறை வரை போய்விடும்.

"புகைச் சான்றிதழ் வச்சிருக்கேனே" என்பீர்கள். பெட்ரோல் வண்டிக்கான அந்தச் சோதனை கார்பன் மோனாக்ஸைடு, ஹைட்ரோகார்பன் போன்ற வாயுக்களைத்தான் பார்க்கிறது. நுண்துகளை எடை போடுவதில்லை.

நீங்கள் செய்ய வேண்டியவை

* காலையில் வண்டியைக் கிளப்பி, வீட்டுக்குள்ளோ போர்டிகோவிலோ உறும விடாதீர்கள். குளிர்ந்த இன்ஜின்தான் அதிகம் கரி கக்கும்.

* ரயில்வே கேட்டிலும் சிக்னலிலும் இன்ஜினை அணையுங்கள்.

* குழந்தையை முன்னால் நிறுத்தாமல், ஹெல்மெட் போட்டுப் பின்னால் உட்கார வையுங்கள். லாரி போகாத உள்தெருவில் போங்கள்.

* பழைய வண்டியானால் ரப்பர் குழாய்களை மெக்கானிக்கிடம் காட்டுங்கள். எத்தனால் சிலவகை ரப்பரைக் கெடுக்கும்.

* தூதுவளை ரசம் வையுங்கள். சளிக்கு இதமாக இருக்கும். ஆனால் நுரையீரலில் படிந்த கரியைக் கரைக்க என்னிடமும் சூரணம் கிடையாது. டாக்டர் கொடுத்த இன்ஹேலரை நீங்களாக நிறுத்தவே கூடாது. பேச முடியாமல் மூச்சு வாங்கினாலோ உதடு நீலம் பாய்ந்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

அந்தப் பையனின் அப்பாவுக்கும் இதையேதான் சொன்னேன். பெட்ரோல் கொஞ்சம் சுத்தமானது நல்லதுதான். அதை நம்பிக் குழந்தையைப் புகைக்கு நேரே நிறுத்தாதீர்கள்.